ஆறாவது தெருவின் அறுபத்தொரு பேர்

தணிகாசலம் ஒரு தெருவை அழித்தது திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. புயல், வெள்ளம், நெடுஞ்சாலைத் துறை என்று தெருக்களை அழிக்க நாட்டில் எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. அவையெல்லாம் மாதக்கணக்கில் முக்கி முனகிச் செய்கிற காரியத்தை அவர் இடது கையில் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு வலது கையின் ஒரே விரலால் செய்து முடித்தார். டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இந்தச் சிந்தாத விவரத்தையும் சேர்த்து இரண்டு நாளைக்குப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் பிற்பாடு அவருக்கு நினைக்க நினைக்கக் கூசிய விஷயம்.

அவர் வெள்ளக்கல்பாளையம் மாவட்டக் காய்ச்சல் கட்டுப்பாட்டு அறையின் வரைபட அதிகாரி. வயது நாற்பத்தாறு. வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் மாற்றுவதற்குக்கூட மனைவி அவரை நம்பாமல் வெளியாளைக் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவரிடம் அரசாங்கம் பதினெட்டு லட்சம் பேர் வசிக்கிற ஒரு மாவட்டத்தைக் கொடுத்து, ஒவ்வொரு தெருவும் சரியான நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெருக்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். தணிகாசலமும் அத்தனை தடவையும் நிமிர்ந்து பார்ப்பார்.

அந்த வருஷம் வந்திருந்தது நகக்காய்ச்சல். டாக்டர்கள் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். ஜனங்கள் வைத்ததுதான் நின்றது. காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் விரல் நகமெல்லாம் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிடும். ஐந்து நாள் விடாமல் மாத்திரை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். நடுவில் விட்டால் மூச்சு பிடித்துக்கொள்ளும். அப்புறம் எந்த மருந்தும் கேட்காது.

அன்று காலை சிவப்புப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணில் ராஜாத்தி நகர் ஆறாவது தெரு பட்டது. பத்தொன்பது நாளாகச் சிவப்பு. பதினான்கு வீடு, அறுபத்தொரு நோயாளி. வீட்டுக்கு நாலு பேருக்கு மேல் படுத்துக்கிடக்கிற தெருவா என்று சந்தேகப்பட்டு, வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்து பார்த்தார். தெருவே இல்லை. புறவழிச்சாலை மேம்பாலமும் அதன் நிழலில் ஏழெட்டு ஆடுகளும்தான் இருந்தன. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பாலம் கட்ட இடித்த தெரு. வீடுகள் போய்விட்டன, விலாசம் மட்டும் அரசாங்கத்தின் ஏதோ ஒரு பட்டியலில் செத்தும் சாகாமல் உட்கார்ந்திருந்தது.

யாரோ களப்பணியாளர் சோம்பல்பட்டு வாய்க்கு வந்த விலாசத்தைப் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினார். 'இல்லாத முகவரி' என்ற பொத்தானை அழுத்தினார். உறுதிதானா என்று திரை கேட்டது. கல்யாணத்தின்போதுகூட அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. உறுதி என்று அழுத்தினார்.

அறுபத்தொரு பேர் மறைந்ததில் மாவட்டத்தின் எண்ணிக்கை எல்லைக்குக் கீழே இறங்கி, வெள்ளக்கல்பாளையம் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வந்தது. இணை இயக்குநர் டாக்டர் பத்மலோசனி அறைக்கே வந்து கை கொடுத்தார். நெய் மைசூர்பாகு வந்தது. தணிகாசலம் சர்க்கரை வியாதியை மறந்து இரண்டு எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் ஜீப் டிரைவர் காளியண்ணனிடமும் சொன்னார். காளியண்ணனுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். கிடா மீசை. வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் அந்த மீசையை ஒரு தடவை தடவிக்கொடுப்பது, சாவி போடுவதைப் போல அவருக்கு ஒரு தவிர்க்க முடியாத வேலை. மற்றபடி பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர். அன்றைக்கு என்னவோ, ஒரு தெருவை எப்படிச் சார் அழிக்க முடியும் என்று மட்டும் கேட்டார்.

தணிகாசலத்துக்குக் கேட்க ஆள் கிடைத்தால் போதும்.

"சிவப்புன்னா வெறும் கலர் இல்ல, காளியண்ணன். போன தொற்று வந்தப்போ வரைபடம் சும்மா பார்க்கிறதுக்கு. இப்ப மெஷின் எல்லாமே அதைப் படிக்குது. ஒரு தெரு சிவப்பானா, காலையில ஆறரை மணிக்கு ஆளில்லா மருந்து வண்டி தெருமுனைக்கு வந்துடும். எத்தனை தலையோ அத்தனை மாத்திரை. அதே தெரு விலாசம் இருக்கிற கார்டை மில் கேட்டு உள்ள விடாது. பஸ்சு ஏத்தாது. மூணு வாரம்."

"மாத்திரை வேணும்னா வேலை போயிருமுங்க."

"போகாது. நிக்கும்."

"நாள் சம்பளத்துக்கு இருக்கிறவனுக்கு நின்னாலே போனதுதானுங்களே சார்."

அது கொள்கை முடிவு, நம் கையில் இல்லை என்றார் தணிகாசலம். தன் கையில் இல்லாததைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி வந்துவிடும்.

கொஞ்ச தூரம் போனபின் காளியண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தத் தெரு இருந்துட்டுப் போகட்டுமுங்களே சார். பாலத்துக்கு அடியில கிடக்குது. அது சிவப்பா இருந்தா யாருக்கு வேலை நிக்கப் போகுது?"

தணிகாசலம் சிரித்தார். வரைபடம் என்றால் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஒரு தூசி இருந்தாலும் மொத்த முகமும் தப்பாகத் தெரியும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் ஜீப் தூக்கிப் போட்டது. ஆறு வருஷமாக அந்த வேகத்தடையில் குழந்தையைத் தொட்டிலில் போடுவதைப் போல ஏற்றி இறக்குகிற டிரைவர். தணிகாசலம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் காளியண்ணன் வரவில்லை. வயிற்று வலி என்று செய்தி அனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை தணிகாசலம் வேறொரு விசித்திரத்தைக் கவனித்தார். இருபத்துமூன்றாவது வார்டு முழுக்கப் பச்சை. மில் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கிற வார்டு அது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், இருபது வீட்டுக்கு ஒரு குழாய். மாவட்டமே இருமிக்கொண்டிருக்க, அங்கே மட்டும் ஒருத்தருக்குத் தலைவலிகூட இல்லை என்றது திரை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பதினைந்து வருஷம் எண்களோடு குடித்தனம் நடத்தியவருக்கு அவை பொய் சொல்லும்போது முகம் போகிற போக்கு தெரியும்.

உள்ளே போய்ப் பார்த்தார். அந்த வார்டின் செவிலியர் பெயர் நாகமணி. அவருடைய கணக்கு செவ்வாய்க்கிழமையிலிருந்து பூட்டப்பட்டிருந்தது. பூட்டியது யார் என்று பார்த்தால், தணிகாசலம். இல்லாத முகவரியில் ஐம்பது பேருக்கு மேல் பதிந்தவரின் கணக்கு, களச் சரிபார்ப்பு வரை தானாகவே பூட்டிக்கொள்ளும் என்ற விதியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியவர் அவரேதான். அந்த அறுபத்தொரு பேரையும் பதிந்தது நாகமணி. அதாவது திங்கட்கிழமை அவர் அழுத்திய பொத்தானால் நாகமணி யாரையும் பதிய முடியாமல் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை முதல் பாலத்துக்கு அடியில் மருந்து வண்டி வரவில்லை.

அந்த அறுபத்தொரு பேரும் பொய் என்றால் நல்லது. உண்மை என்றால்?

திரையின் பக்கத்தில் கேள்வி கேட்கிற பெட்டி ஒன்று உண்டு. தட்டச்சு செய்தார்: ஆறாவது தெருவை நீக்கியதால் யாருக்கேனும் பாதிப்பு ஏற்பட்டதா? அரை விநாடியில் பதில் வந்தது. 'இல்லாத முகவரியில் எந்தப் பாதிப்பும் பதிவாகவில்லை.'

பத்மலோசனியிடம் போனார். அவர் கோப்பிலிருந்து நிமிராமலே, இல்லாத தெருவில் இருந்தவர்களுக்கு என்ன ஆகிவிடும் தணிகாசலம் என்று கேட்டார். கெட்ட மனுஷி அல்ல. இருபது நாளாகச் சரியாகத் தூங்காதவர். அறுபத்தொரு பொய் நோயாளிகள் என்றால் பத்தொன்பது நாளாக வந்த மாத்திரைகளை அந்த நர்ஸ் எங்கேயோ விற்றிருக்கிறார் என்பதுதான் அவர் கணக்கு. நேரில் போய் விசாரித்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை கொடுங்கள், போலீசுக்கு அனுப்பிவிடலாம் என்றார். தணிகாசலம் வாசல்வரை போனவர் திரும்பி, மேடம், ஒருவேளை அவர்கள் நிஜமாக இருந்தால் என்று ஆரம்பித்தார். அப்படியானால் திங்கட்கிழமை நாம் சாப்பிட்ட மைசூர்பாகைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்றார் பத்மலோசனி. அது நகைச்சுவையா எச்சரிக்கையா என்று தணிகாசலத்துக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காளியண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். மொட்டைத் தலை. மீசையும் இல்லை. மீசை இல்லாத அந்த முகத்தைத் தணிகாசலத்துக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்ததும், "என்ன காளியண்ணன், வயித்து வலிக்குப் பழனி வேண்டுதலா?" என்றார். கலகலப்பாகத்தான் கேட்டார்.

"அவ்வளவு தூரமெல்லாம் போகலீங்க சார். பக்கத்துலயேதான்."

காளியண்ணனின் கை பழக்கத்தில் மேலுதட்டுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்து சாவியைத் திருகியது.

இருபத்துமூன்றாவது வார்டில் தணிகாசலம் நாலு லைன் ஏறி இறங்கினார். யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்ட இடத்திலெல்லாம் இல்லீங்க என்றார்கள். அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவர் வந்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தி நகத்துக்கு அடர் சிவப்பில் பாலிஷ் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்படியே. அதற்கடுத்த வீட்டுக் கதவைத் திறந்தவர் ஐம்பது வயது ஃபிட்டர். கையெல்லாம் கிரீஸ் ஏறிய ஆள், தொண்டைக் கட்டோடு, எங்க லைன்ல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க என்றார். கதவைப் பிடித்திருந்த பத்து விரலிலும் பளபளவென்று ரோஸ் கலர் பாலிஷ்.

தணிகாசலம் அந்த விரல்களைப் பார்த்தார். ஃபிட்டரும் அவர் பார்ப்பதைப் பார்த்தார்.

"பேத்தி விளையாட்டுக்குப் போட்டு விட்டுதுங்க," என்றார் ஃபிட்டர்.

அழகாகப் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார் தணிகாசலம். மில் கேட்டில் காவலாளிகள் நகத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள் என்பது நாலடி நடந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய திரையில் எத்தனையோ அடுக்குகள் உண்டு. சாக்கடைத் தண்ணீரின் அளவீடு உண்டு, மருந்துக்கடை விற்பனை உண்டு, செல்போன் நடமாட்டம் உண்டு. நகப்பாலிஷ் விற்பனை இல்லை.

துணை சுகாதார நிலையம் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. நாகமணி ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி. வெளியே நின்ற ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கிரேட் கட்டியிருந்தது. தணிகாசலம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும், தெரியும் சார், உங்க கையெழுத்தைப் பூட்டுல பார்த்தேன் என்றார்.

தணிகாசலம் வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த விசாரணைக் கேள்விகளில் முதலாவதைக் கேட்டார். இல்லாத தெருவை ஏன் பதிந்தீர்கள்? நாகமணி மறைக்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து, அட்டையில் 'நிஜ விலாசம்' என்று எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மூடியபடியே முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்.

"மொத மொதல்ல ஒரு பெரியவர் வந்தாருங்க. நகமெல்லாம் நீலம். ரேஷன் கார்டைக் குடுத்தார். பாலத்துக்காக வீட்டை இடிச்சதுக்கப்புறம் விலாசத்தை மாத்தவே இல்ல. நானும் கவனிக்காம அப்படியே போட்டுட்டேன். சத்தியமா அன்னிக்கு எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில பாலத்துக்கு அடியில வண்டி வந்து நின்னு கூவுதுன்னு ஆடு மேய்க்கிறவர் வந்து சொல்றார். ஆளில்லாத தெருவுக்கு ஆளில்லாத வண்டி. நான் போய் மாத்திரையை வாங்கிட்டு வந்து பெரியவர்கிட்ட குடுத்தேன். அவர் மருமக அன்னிக்கும் மில்லுக்குப் போனா. லைன்ல ஒருத்தருக்கும் கேட்டு மூடல. பெரியவரும் அஞ்சாம் நாள் எந்திரிச்சுட்டார்." நோட்டின் அட்டையை நீவிவிட்டார். "அதுக்கப்புறம் தெரிஞ்சேதாங்க போட்டேன்."

"வீட்ல காய்ச்சலோட ஆள் இருக்கும்போது மத்தவங்க மில்லுக்குப் போனா அங்க பரவாதா, சிஸ்டர்?"

"பரவியிருக்கும். நான் புண்ணியம் பண்ணினேன்னு சொல்ல வரல. படுத்தவங்களை வெளிய விடல, அதுவரைக்கும்தான் என்னால முடிஞ்சுது. ஆனா உங்க சிவப்பு வந்தப்போ என்ன நடந்துச்சு தெரியுங்களா? ஒருத்தரும் காய்ச்சல்னு வாயத் திறக்கல. மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும்தான் தூக்கிட்டு வந்தாங்க. காய்ச்சலை எங்கேயாவது ஓரிடத்துல சொல்லணுமில்லீங்களா? சொன்னா யாரையும் கடிக்காத இடமா ஒண்ணு கிடைச்சுது."

இது மோசடி என்று தணிகாசலம் சொல்லிப் பார்த்தார். குரல் எடுபடவில்லை.

"உங்க ஆபீசர் குடியிருப்புல போன வாரம் மூணு பேருக்கு வந்துச்சில்லீங்களா," என்றார் நாகமணி, கோபமே இல்லாமல். "பட்டியல்ல தேடினேன். குடியிருப்பு பச்சையா இருக்கு. மூணு பேரையும் 'பயணத்தில்'னு ஒரு தனிக் கட்டத்துல போட்டிருக்கு. மூணு பேரும் வீட்லதான் இருந்தாங்க. அந்தப் பயணமும் ஒரு இல்லாத தெருதானுங்களே சார்?"

அந்தக் கட்டத்தை உருவாக்கியவர் தணிகாசலம். மேலிடத்துச் சொல்படிதான், ஆனாலும் அந்தப் பெயரை யோசித்தவர் அவர். நல்ல பெயராக இருக்கிறதே என்று அன்றைக்குக் கொஞ்சம் ரசித்துக்கூட இருந்தார்.

தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க நினைத்து, இப்போது எத்தனை பேருக்கு மாத்திரை இருக்கிறது என்று கேட்டார்.

"புதன்கிழமையிலருந்து பக்கத்து வார்டு பிள்ளைங்ககிட்ட கெஞ்சி வாங்கி, ஆளுக்குப் பாதியா குடுத்து ஓட்டிட்டிருக்கேன். யாருக்கும் அஞ்சு நாள் கணக்கு முடியல. நாளைக்குக் காலையில இருபத்தேழு பேருக்கு இருக்கு. முப்பத்துமூணு பேருக்கு இல்ல. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பட்டியல் போனாத்தான் வண்டி வரும், அது உங்களுக்கே தெரியும்."

தணிகாசலத்துக்கு வேறெது வராவிட்டாலும் கூட்டல் வரும்.

"இருபத்தேழும் முப்பத்துமூணும் அறுபது. அறுபத்தொண்ணு சிஸ்டர்."

நாகமணி எழுந்து பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அவர் முன்னால் வைத்தார். "குடிங்க சார்."

"நான் அழிச்சதுக்கப்புறம் யாருக்காவது..."

நாகமணி அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே ஜீப் நின்றிருந்தது. காளியண்ணன் ஏற்கெனவே துடைத்த முன் கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லீங்க," என்றார்.

வெளியே வந்தபோது மணி மூன்றே முக்கால். தணிகாசலம் ஜீப்பில் உட்கார்ந்து டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டார். அறிக்கை பாதி எழுதியே வைத்திருந்தது. பெயரும் தேதியும் போட்டு அனுப்பினால் மேடம் சந்தோஷப்படுவார், மாவட்டம் ஆரஞ்சிலேயே இருக்கும், நாகமணி ஸ்டேஷனுக்குப் போவார். இன்னொரு வழியும் இருந்தது. நாகமணியின் பூட்டைத் திறந்துவிட்டு, அறுபது பேரையும் அவரவர் உண்மையான விலாசத்தில் போடலாம். அது நேர்மையான வழி. மாத்திரை நாளைக்கே வரும். வார்டு முழுக்கச் சிவப்பாகி லைன் வீடுகளில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் மில் கேட்டு மூடும். அடுத்து காய்ச்சல் காண்கிறவர் கடையில் போய் ஒரு பாட்டில் பாலிஷ் வாங்கிக்கொண்டு பேசாமல் படுத்துக்கொள்வார். ரோஸ் கலராக இருக்கலாம்.

எங்கீங்க சார் என்றார் காளியண்ணன்.

"ராஜாத்தி நகர் ஆறாவது தெரு."

காளியண்ணன் கண்ணாடியில் அவரை ஒரு முறை பார்த்தார். வழி கேட்கவில்லை.

மேம்பாலத்துக்கு அடியில் ஆடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. மேலே லாரி போகும்போதெல்லாம் தூண் லேசாக முனகியது. தணிகாசலம் இறங்கி, டேப்லெட்டில் களச் சரிபார்ப்புப் படிவத்தைத் திறந்தார். அழித்த முகவரியை மீட்க வேண்டுமானால் ஓர் அதிகாரி அந்த இடத்துக்கே போய் நின்று, வீட்டைக் கண்ணால் கண்டேன் என்று சொல்ல வேண்டும். அதிகாரி கண்டேன் என்றால் வானத்துப் படம் வாயை மூடிக்கொள்ளும். இதுவும் அவர் எழுதிய விதிதான். இத்தனை விதி எழுதியவன் ஒரு விதியிலாவது ஒரு மனுஷனைப் பற்றி யோசித்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு, முதல் தூணைப் போட்டோ எடுத்து ஒன்றாம் எண் வீடு என்று ஏற்றினார். படிவம் அடுத்த கேள்வியைக் கேட்டது. கதவின் நிறம்?

அவர் தூணையும் ஆடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டியிருக்கிறது.

"ஒண்ணாம் நம்பர் நீலமுங்க சார்." காளியண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்திருந்தார். "ரெண்டு, மூணு ஒரே கட்டடம், காவிக் கலர். நாலுக்குக் கதவே இல்ல, சாக்குதான். அஞ்சு மரக்கதவு, பெயிண்ட் அடிக்கல." அவர் சொல்லிக்கொண்டே தூண்களுக்கு நடுவில் நடந்தார். ஒவ்வொரு இடமாக நின்று, அங்கே வாசல்படி இருப்பதைப் போலக் கால் வைக்காமல் தள்ளி நின்று, கையால் காட்டினார். ஒரு இடத்தில் வெள்ளாடு ஒன்று காலை மடக்கிப் படுத்திருந்தது. "இது ஆறு. பச்சைக் கதவு. மேல லட்சுமி படம் ஒட்டியிருந்துச்சு."

"உங்களுக்கு எப்படி..."

"நான் பொறந்த வீடுங்க சார்."

தணிகாசலம் பச்சை என்று போட்டார். அதன் பிறகு காளியண்ணன் சொல்லச் சொல்ல மற்ற எட்டு வீடுகளையும் போட்டார். பதினான்காவது வீட்டை ஏற்றியதும் டேப்லெட் சின்னதாக ஒரு ஒலி எழுப்பியது. ராஜாத்தி நகர் ஆறாவது தெரு பாலத்துக்கு அடியில் மறுபடி உண்டாயிற்று. உயிர் வந்த தெரு உடனே சிவப்பாகி, தன் அறுபத்தொரு பேரையும் வரிசையாக நீட்டியது. திங்கட்கிழமை அவர் படிக்காமல் அழித்த பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு கேள்வி: தொடர்கிறார், குணமடைந்தார், இறந்தார், ஒன்றைத் தேர்வு செய்க.

கடைசியாகப் பதிந்தவர் முதல் வரியில் இருந்தார்: சின்னியண்ணன், வயது 67, கதவு எண் 6.

தணிகாசலத்தின் விரல் நின்றது. நிமிர்ந்து காளியண்ணனின் தலையைப் பார்த்தார். மழித்து மூன்று நாள் ஆன தலை, மயிர் முளைவிட்டிருந்தது. பழனியிலிருந்து பக்கத்து மாரியம்மன் கோவில்வரை காய்ச்சலுக்காக நடை சாத்தி ஒன்றரை மாதம் ஆகிறது என்பதும், காலையில் தான் அடித்த ஜோக்கும், அதற்கு வந்த பதிலும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குள் இறங்கின. கட்டுப்பாட்டு அறையில் காய்ச்சல் சாவு என்று காளியண்ணன் சொல்லியிருந்தால், அன்றைக்கே அவர் தெரு சிவப்பாகியிருக்கும். அவர் மனைவிக்கு மில் கேட்டும், அவருக்கு ஜீப் சாவியும் நின்றிருக்கும். மனுஷன் அப்பாவை எரித்துவிட்டு வயிற்று வலி என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.

"அப்பாவா?"

"ஆமாங்க."

மேலே ஒரு லாரி போயிற்று. அது முழுசாகப் போய் முடியட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"காளியண்ணன், நேத்துலருந்து ஒவ்வொருத்தரா கேட்டுட்டேன்," என்றார் தணிகாசலம். "மெஷினைக் கேட்டேன், மேடத்தைக் கேட்டேன், சிஸ்டரைக் கேட்டேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் அழிச்சதாலயா?"

வயசாயிடுச்சுங்க, அவர் விதி அவ்வளவுதான், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க என்று சொல்வார் என்று தணிகாசலம் எதிர்பார்த்தார். அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார் என்பதும் உண்மை. காளியண்ணன் குனிந்து, ஆறாம் எண் வாசலில் படுத்திருந்த ஆட்டை இரண்டு கையாலும் மெல்லத் தள்ளிவிட்டார். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஆமாங்க சார். மூணு நாள் மாத்திரை போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில கஞ்சி குடிச்சுட்டு, வண்டி வந்துச்சாடான்னு கேட்டார். இன்னும் ரெண்டு நாள் வந்திருந்தா எந்திரிச்சிருப்பார்." டேப்லெட்டைக் கண்ணால் காட்டினார். "மணி நாலரை ஆச்சு. மத்த அறுபது பேரைப் போடுங்க."